முழங்காலில் கட்டிய பூட்ஸ்

என் மகனின் பதினோராம் நாள் காரியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவேரி மேற்கே திரும்பி ஓடும் படித்துறையில் நடந்தது. தகப்பனுக்கு மகன் செய்ய வேண்டியதை மகனுக்குத் தகப்பன் செய்தேன். அவனுக்கு மணமாகவில்லை, உடன்பிறந்தார் இல்லை. நான் சமஸ்கிருதக் கல்லூரியில் மீமாம்சை கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு சடங்கை யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது, ஒரு பொருள் கிடைக்காதபோது எதை அதன் இடத்தில் வைக்கலாம் என்பதையெல்லாம் ஆயுள் முழுவதும் விவாதித்தவன். அன்று அந்த அறிவு எனக்கு எவ்வகையிலும் உதவவில்லை. என்னை விட்டுப் போகவும் இல்லை.

அந்த நாளில் இறந்தவருக்குப் பதிலாக ஓர் அந்தணர் வந்து அமர்வார். எங்கள் வழக்கில் அவரை ஒத்தன் என்போம். அவரையே இறந்தவராகப் பாவித்து, எண்ணெய் கொடுத்து நீராடச் சொல்லி, உணவிட்டு, வேட்டியும் குடையும் செம்பும் செருப்பும் கொடுத்து அனுப்ப வேண்டும். போகிற வழி கல்லும் சுடுமணலும் என்பதால் செருப்பு முக்கியம். ஒத்தன் அணிந்து நடந்தால் இறந்தவர் அணிந்து நடந்ததாகும். உண்டு எழுந்தபின் அவர் திரும்பிப் பாராமல் போய்விடுவார். ‘போய் வாருங்கள்’ என்று நாமும் சொல்லக் கூடாது.

செருப்பில்தான் பிழை நேர்ந்தது.

என் மகன் நான்கடிக்கும் குறைந்த உயரமுள்ளவன். அந்த நிலைக்கு மருத்துவத்தில் நீண்ட பெயர் ஒன்று உண்டு. தெருவில் குட்டையான பெயர்கள் பல உண்டு. அவன் பாதம் நீளத்தில் சிறுவனுடையதாகவும் அகலத்தில் வளர்ந்த ஆணுடையதாகவும் இருந்தது. கடைச் செருப்பு எதுவும் அவனுக்குப் பொருந்தியதில்லை. மைசூர் மார்க்கெட்டின் பின்புறச் சந்தில் செருப்புத் தைக்கும் ஒருவர், கோலார்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழர், அவன் காலின் அளவுக்கு மரத்தில் அச்சு இழைத்து வைத்திருந்தார். இடது கால் சற்றுக் கட்டையானதால் அந்தப் பக்கம் அடித்தோலைத் தடிப்பாக வைத்துத் தைப்பார். காரியத்துக்கு முந்தைய நாள் அவரிடம் தொலைபேசியில் ஒரு ஜோடி செருப்பு வேண்டும் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன சொல்லெல்லாம் அந்த ஒரு ஜோடிக் காலுக்காகவே போயிருந்தது. எனக்கும் வேறு அளவு சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

படித்துறையில் பொட்டலத்தைப் பிரித்ததும் காரியத்தை நடத்திவைத்த வாத்யார் முகம் சுளித்தார்.

“என்ன ஸ்வாமி இது, கொழந்தை செருப்பாட்டம்? ஒத்தன் போட்டுக்க வேண்டாமா? அளவு பார்த்து வாங்கப்படாதா?”

ஒத்தனாக வந்தவர் மெலிந்த வயோதிகர். செருப்பைக் கீழே வைத்து விரல்களை நுழைத்துப் பார்த்தார். குதிகால் முழுவதும் வெளியே நின்றது. இடது செருப்பின் தடித்த அடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

“இருக்கட்டும் வாத்யாரே. அவர் அளவுக்குத்தானே தச்சிருக்கா? நடுவில வந்தவன் நான்தான்.”

“அதுக்காக? வெறுங்காலோட போவேளா? அப்புறம் தானத்துக்கு என்ன அர்த்தம்?”

“கொண்டு போய்ச் சேர்த்துடறேன்” என்றார் அவர். செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொதிக்கும் படிகளில் வெறுங்காலோடு ஏறி, திரும்பிப் பாராமல் போனார்.

அவர் போன பிறகும் நான் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீமாம்சையில் பதிலிக்கென்று ஒரு தனிப் பகுதியே உண்டு. வேள்விக்கு நெல் கிடைக்காவிட்டால் காட்டுநெல்லை இடலாம், இரண்டும் ஒத்தவை என்பதால். காட்டுநெல்லை இட்டாலும் மந்திரத்தில் நெல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் சிலவற்றுக்குப் பதிலி கிடையாது. வேள்வித் தீக்கு இல்லை. மந்திரத்துக்கு இல்லை. வேள்வி செய்கிறவனுக்கும் இல்லை.

*

என் மகன் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரி. மாலையில் நடிகன். மைசூரின் அமெச்சூர் குழுக்களில் பல ஆண்டுகள் நடித்தான். பூதகணமாக, வானரமாக, அரசவைக் கோமாளியாக, ஒருமுறை பேசும் பானையாகக்கூட நடித்தான். எங்கள் உறவினர்களுக்கு அவனை எந்தப் பெயரில் ஏற்பது என்பதில் சிறு வயது முதலே ஒரு வசதி இருந்தது. மேல்கோட்டையில் உற்சவத்துக்குக் கூடினால் யாராவது ஒருவர் அவன் தலையில் கை வைத்து, “சாட்சாத் வாமன அம்சம்” என்பார். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவன் அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தான்.

“மாமா, வாமனன் கடைசியில வளந்துட்டான். கதையே அதுதான். நான் வளரலே. வேற கதை பாருங்கோ.”

சென்ற ஆண்டு ஓர் இயக்குநர் புதிய நாடகம் எழுதினார். என் மகனின் வயது, அக்ரஹாரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வளர்ந்த தமிழர், ஆனால் எழுதுவதும் யோசிப்பதும் கன்னடத்தில். சுதந்திரத்துக்கு முன் மைசூரில் கூடாரமடித்துப் பெயர் பெற்ற ஒரு சர்க்கஸ் முதலாளியின் வாழ்க்கை. விதவிதமான உடல்கள், விதவிதமான ஊர்க்காரர்கள், எல்லாரையும் ஒரே கூடாரத்தில் சேர்த்த மனிதர் என்பது நாடகத்தின் கருத்து. அதில் என் மகனுக்குக் கோமாளி வேடம். மூன்று காட்சிகளில் வந்து மூன்றிலும் அறை வாங்குவான். வசனம் இல்லை.

பிரதியைப் பற்றி இருவரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சண்டையிட்டதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

“நான் முதலாளியா நடிக்கறேன்.”

“டேய், அவரு ஆறடி ஆளு. போட்டோ இருக்கு.”

“போன வருஷம் நீ பெருமாள் வேஷம் கட்டினே. ஒனக்கு நாலு கை இருந்துதா?”

“அது புராணம். இது ஹிஸ்டரி, இல்லியா?”

“சரி. ஆப்பிரிக்கா பயில்வான் யாரு?”

“நஞ்சன்கூட்டுப் பையன் ஒருத்தன். ஜிம் பாடி. ஸ்வல்ப கறுப்பு அடிச்சா போதும்.”

“தாடி வெச்ச பொம்பளை?”

“அது நம்ம லைட்டிங் ஆளு. அவனுக்குத் தாடி ஒரிஜினல்.”

“நஞ்சன்கூட்டான் கரி பூசினா ஹிஸ்டரி. நான் கோட் போட்டா மட்டும் புராணமா?”

இயக்குநர் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். இரண்டு வாரம் யோசித்து ஒரு காட்சியைச் சேர்த்தார். முதலாளிக்குக் கடும் ஜுரம். கூடாரம் நிரம்பி வழிகிறது. யார் நடத்துவது என்று எல்லாரும் கையைப் பிசைகிறார்கள். அப்போது கோமாளி தன் சாயத்தைத் துடைத்துவிட்டு, முதலாளியைப் போலக் கோட்டும் பூட்ஸும் அணிந்து, வளையத்தின் நடுவே போய் நின்று பேசுகிறான். “இன்னிக்கு முதலாளி வரலே. நான் வந்திருக்கேன்.” பிறகு அன்றைய ஆட்டத்தை அவனே நடத்தி முடிக்கிறான்.

தன் நடிப்பு வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தது போல என் மகன் அதைப் பற்றிக்கொண்டான். கோட் தரையில் புரளக் கூடாது என்று தன் அளவுக்கே தைக்க வைத்தான். பூட்ஸ், அவனுடைய சொந்த பூட்ஸ். ஒத்திகை ஒன்றைப் பார்க்க என்னை அழைத்துப் போனான். அவன் கோட்டோடு வளையத்துக்குள் நடந்ததும் உடன் நடிப்பவர்களே சிரித்தார்கள். அவன் பேசவில்லை. நின்றான். சிரிப்பு தளர்ந்து, இன்னொரு முறை எழுந்து, மறுபடி தளர்ந்து, கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் மட்டும் மிஞ்சும் வரை நின்றான். அதன் பிறகே அந்த வரியைச் சொன்னான். அங்கிருந்த ஒருவரும் அதன்பின் சிரிக்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன், அவ்வளவு நேரம் நிற்பது நாடகத்தைத் தொய்வடையச் செய்யாதா என்று.

“சிரிச்சு முடிக்கட்டும்ப்பா. எனக்கு அவசரமில்லே. பொறந்ததுலேர்ந்து காத்துண்டிருக்கேன்.”

மழைக்காலத்தில் ஒரு சாதாரண ஜுரம் நெஞ்சுக்கு இறங்கியது. அவன் மார்புக்கூடு சிறியது. மூச்சுக்கு இடம் போதவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

*

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து சில நாட்களில் இயக்குநர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, கால் கழுவிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

“சொல்ல வாய் வரல ஸார். ஆனா ஹால் புக் ஆயிடுச்சு. போஸ்டரும் ஒட்டியாச்சு. நாடகத்தை அவனுக்கு டெடிகேட் பண்றோம்.”

“அவன் வேஷம்?” என்றாள் என் மனைவி.

“நல்ல ஆக்டர் ஒருத்தர் கிடைச்சிருக்காரும்மா. சீரியல்ல எல்லாம் வராரு.”

“எவ்வளவு உசரம்?”

அவர் காபியைப் பார்த்தார். “ஆறடி இருக்கும். முழங்கால்ல நிப்பாரு. பழைய கம்பெனி நாடகத்தில குள்ள வேஷத்துக்கு அப்படித்தாம்மா பண்ணுவாங்க. காலைப் பின்னாடி மடிச்சுக் கட்டிட்டு, முட்டியில பூட்ஸ் மாட்டி, மேல நீளமா கோட் போட்டா தெரியவே தெரியாது.”

“எது தெரியாது?”

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “அவனோட பூட்ஸ் வேணும் ஸார். அளவு சரியா இருக்கும். அவனும் மேடையில இருக்கற மாதிரி ஒரு… ராமாயணத்தில பாதுகையை சிம்மாசனத்தில வெச்சு ராஜ்யம் ஆண்டாங்களே, அந்த மாதிரி.”

“அந்தத் தம்பி பாதுகையைத் தலையில வெச்சுண்டான்ப்பா” என்றாள் என் மனைவி. “முட்டியில கட்டிக்கலே.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன், உயரம் குறைந்த நடிகர் வேறு யாரையும் தேடவில்லையா என்று. தேடியதாகவும் பெங்களூரில் ஒருவர் சினிமா வேலையில் இருப்பதாகவும் சொன்னார். பூட்ஸ் கொடுக்க மனமில்லை என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

“கொடுக்காட்டி பரவாயில்ல ஸார். ஆனா இதை மட்டும் யோசிங்க. ரெப்ரஸென்டேஷன், டைவர்ஸிட்டின்னு போஸ்டர்லயே போட்டிருக்கோம். ஆள் இல்லேன்னு அந்த சீனை வெட்டினா அறை வாங்கற சீன் மூணு மட்டும்தான் மிஞ்சும். அதுக்கு யார் வேணா போதும். அவன் சண்டை போட்டு வாங்கின சீன் போயிடும். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்.”

அவர் சொன்னது நியாயம். அதுவே என்னை நெரித்தது. கொடுத்தால் என் மகனின் காட்சி ஒரு நெட்டையனின் முழங்காலில் நிற்கும். மறுத்தால் அந்தக் காட்சியே இராது. நாடகத்தில் எஞ்சும் குள்ளன் அறை வாங்குகிறவன் மட்டுமே. இறந்தவன் தன் வாழ்நாளில் ஈட்டிய ஒன்றே ஒன்றைக் காப்பதா, அழிப்பதா என்பது என் வாயில் வந்து நின்றது.

“அந்த பூட்ஸுக்குள்ள கால் போறவா யாராவது வரட்டும். கொடுக்கறேன்” என்றேன்.

அப்போது என் மனைவிக்கு ஒரு பெண்ணின் நினைவு வந்தது. அவளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று என் மனைவி சொன்னாள், நானும் ஆமோதித்தேன்.

அந்தப் பெண் என் மகனின் தோழி. மார்டள்ளிக் கிராமத்துக்காரி, தமிழ் விவசாயக் குடும்பம். மைசூரில் ஒரு வங்கியில் அதிகாரி. அவளும் உயரம் குறைந்தவள். என் மகனைவிட ஒரு விரற்கடை அதிகம். ‘என்கிட்டப் பேசறப்ப அண்ணாந்து பாத்துப் பேசோணும்’ என்று அவனைச் சீண்டுவாள். அவன் வசனம் மனப்பாடம் செய்யும்போதெல்லாம் எதிர்ப்பக்க வசனத்தை அவள்தான் படிப்பாள். அவர்களுக்குள் வேறென்ன இருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. என் மனைவி கேட்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். இயக்குநரும் வந்திருந்தார். எங்கள் வீட்டில் என் மகனுக்காகச் செய்த தாழ்ந்த நாற்காலி ஒன்று உண்டு. அவள் அதில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தாள். இயக்குநர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை.

“ஏனுங்க, கடையில சக்கரை தீந்துபோச்சுன்னா வெல்லம் எடுத்துக் குடுப்பாங்களே, அந்த மாதிரிங்களா நானு?”

“ஹாகல்ல, அப்படி இல்ல மேடம். ஒரே ஒரு சீன்தான். கோமாளியை லேடியா மாத்திக்கலாம். வசனம் உங்களுக்குத் தெரியும்.”

“எல்லார் வசனமும் தெரியுமுங்க. முதலாளி வசனமும் அத்துப்படி. அப்ப அந்த வேஷத்தக் குடுங்க, யோசிக்கறேன்.”

இயக்குநர் சிரித்தார்.

“பாத்தீங்களா? சிரிச்சுப்போட்டீங்க.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தன் கைப்பையின் வாரைச் சுருட்டியபடியே பேசினாள்.

“பஸ்ஸுல ஏறினா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். கவுன்ட்டருக்குப் பின்னாடி உக்காந்தா, மேனேஜர் எங்கம்மான்னு என்கிட்டயே கேப்பாங்க. பாக்கறவங்களுக்கு நான் இன்னும் டிக்கெட் போடலீங்க. அவரு வேற. பாக்கட்டும்னு நடுவால போயி நிப்பாரு. நானு சுவரோரமாப் போறவ. எனக்குக் கூட்டம்னாலே ஆகாது. அவரு நடிகருங்க. நானு பேங்க்குக்காரி. உசரத்த விட்டா எங்களுக்குள்ள ஒத்தது என்னங்க இருக்குது?”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இவுரு கேட்டாருன்னா சரிங்க. நீங்களுமா சார்?”

காட்டுநெல் நெல்லை எதில் ஒத்திருக்கிறது என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். நிறத்திலா, விளையும் நிலத்திலா, அன்றி வேள்விக்கு உதவும் அரிசியிலா என்று. ஒத்திருப்பதாகக் கண்ணுக்குப் படுவதெல்லாம் ஒப்புமையாகாது என்று சொல்லியிருக்கிறேன். அவளைப் பார்த்தபோது நான் அளந்தது அவள் உயரத்தை மட்டுமே. வாசலில் அவனை அளந்துவிட்டுப் போன எல்லாரையும் போல.

என் மனைவி எழுந்து உள்ளே போனாள். இயக்குநர் விடைபெறும்போது வருத்தத்தோடுதான் சொன்னார், காட்சியை வெட்டப் போவதில்லை, வேறு பூட்ஸுக்கு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று.

*

காரியம் செய்தவன் ஓராண்டுக்குக் கேளிக்கைகளுக்குப் போகக் கூடாது. இந்த நாடகத்துக்குப் போவது கேளிக்கைக்குப் போவதாகாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் மனைவி வர மறுத்துவிட்டாள். அந்தப் பெண் தானாகவே தொலைபேசியில் அழைத்து, போவதானால் தானும் வருவதாகச் சொன்னாள்.

அரங்கின் முகப்பில் என் மகனின் படம் மாலையோடு இருந்தது. கழுத்துக்கு மேல் மட்டும் எடுத்த படம். அதைப் பார்க்கிறவர்களுக்கு அவன் எந்த உயரத்தவனாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவள் கால்கள் தரையைத் தொடவில்லை. நாடகம் திறமையாகவே அமைந்திருந்தது. நஞ்சன்கூட்டு இளைஞர் கரி பூசி இரும்பு வளைத்தார். முதலாளி கம்பீரமாகப் பாடினார். கோமாளி முதல் முறை மேடைக்கு வந்தபோது எனக்கு முன்னிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு இருவர் திரும்பி எனக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவசரமாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதல் அறை. இரண்டாவது அறை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் திரும்பினார். அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்தக் காட்சி வந்தது. முதலாளிக்கு ஜுரம். கோமாளி சாயத்தைத் துடைத்து, கோட்டோடு வளையத்துக்குள் வந்தார். கோட் தரையில் புரண்டது. கட்டிய கால்களை அதுதான் மறைத்தது. அதன் முன்திறப்பில், முழங்காலில் மாட்டிய பூட்ஸ். விளக்கு அதன்மேல் விழுந்ததும் நான் பார்த்தேன். இடது பூட்ஸின் அடி, வலதைவிடத் தடித்திருந்தது.

அரங்கம் சிரித்தது. இப்போது அவர் நிற்க வேண்டும். சிரிப்பு வற்றும் வரை நிற்க வேண்டும். அவர் நிற்க முயன்றார் என்றே நினைக்கிறேன். ஆனால் முழங்காலில் நிற்கிறவரால் காத்திருக்க முடியாது. உடம்பின் எடை முழுவதும் முட்டியில் இறங்குகிறது. அவர் முகத்தில் வியர்வை தெரிந்தது; ஒரு பக்கம் சாய்ந்து சமாளித்தார். அந்தச் சாய்வுக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அவர் வரியைச் சொல்லிவிட்டார். இன்றைக்கு முதலாளி வரவில்லை என்பது மட்டும் கேட்டது. நான் வந்திருக்கிறேன் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

அவளுடைய உதடுகள் அசைவதைப் பார்த்தேன். இருந்தவர்களுள் அவள் ஒருத்திதான் அந்த வரியை முழுதாகச் சொன்னாள்.

நாடகம் முடிந்து நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். கோமாளியாக நடித்தவர் முழங்காலிலேயே வந்தார். இரண்டு பேர் அவர் கோட்டை விலக்கிக் கட்டுகளை அவிழ்த்தார்கள். அவர் ஒருவர் தோளைப் பற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல, முழு உயரத்துக்கும் எழுந்து நின்றார். அதுவரை அவர் யார் என்று அறியாதவர்கள் வாய் பிளந்தார்கள். விசில் பறந்தது. முன்வரிசை எழுந்து நின்று கை தட்டியது. முதலாளிக்குக் கிடைக்காத கரகோஷம் அது. இரண்டு மணி நேரம் குள்ளனாக இருந்த ஒருவர் அந்த நிலையிலிருந்து மீண்டுவிட்டார் என்பதற்காக.

“நல்லா வளந்துட்டாருங்க சார்” என்றாள் அவள், கைப்பையை எடுத்துக்கொண்டு.

நான் அவளைப் பார்த்தேன். மேல்கோட்டையில் மாமாவுக்குச் சொன்ன பதிலை அவன் அவளுக்கும் சொல்லியிருக்கிறான்.

வாசலில் இயக்குநர் வேகமாக வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “எப்படி இருந்தது ஸார்?”

“அவர் முட்டியை டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்கோ” என்றேன். பிறகு கேட்டேன். “பூட்ஸ் யார் தெச்சது?”

“அவனுக்குத் தைக்கறவர்தான் ஸார்! அவன்கிட்டயே அட்ரஸ் வாங்கி வெச்சிருந்தேன். அளவே கேக்கல. ரெண்டே நாள்ல கொடுத்துட்டாரு.”

*

மறுநாள் காலை மார்க்கெட்டின் பின்புறச் சந்துக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் ஊசியைத் தோலில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தார்.

“வா சாமி. உக்காரு. நாடகம் பாத்தியா? அண்ணன் பூட்ஸ்னா எனக்கு அளவு எதுக்கு? கண்ண மூடிக்கினே தெச்சுடுவேன். நாடகக்காரங்க வந்து அண்ணன் நாடகம்னு சொன்னாங்க. அண்ணன் பேருல ஏதோ நடக்குதுன்னு வேற வேலையெல்லாம் தள்ளி வெச்சிட்டேன்.”

“நன்னாத் தெச்சிருந்தீர்” என்றேன். அது உண்மை.

“இடது பக்கம் உள்ளாற கூட ஒரு தோல் வெச்சேன் சாமி. அண்ணனுக்கு அங்கதான் வலிக்கும்.”

அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை. அந்த மர அச்சு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அலமாரிக்கு அடியில் கைவிட்டு எடுத்தார். ஒரு ஜோடி. குட்டையாக, அகலமாக, பல ஆண்டுத் தோலுரசலில் கறுத்து வழவழத்திருந்தது. இடது அச்சின் அடியில் ஒரு மரச்சில்லு ஆணியடித்து ஒட்டப்பட்டிருந்தது.

“இத நான் எடுத்துண்டு போறேனே.”

அவர் என்னைப் பார்த்தார். நாடகக்காரர்கள் மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று யோசித்தாரோ என்னவோ. “எடுத்துக்க சாமி” என்றார். “இனிமே இந்த அளவுக்கு யாரு வரப்போறாங்க?” ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்ரஹாரத்துக்குள் நுழையும்போது பூக்கடையில் யாரோ வணக்கம் சொன்னார்கள். தலையசைத்தேன். கையை எடுக்கவில்லை.

வாசலில் செருப்பை விட்டேன். கையில் இருந்ததை எங்கே விடுவது என்று தெரியவில்லை. செருப்புத் தைக்கும் பொருள். எங்கள் வீட்டு முறைப்படி வாசலோடு நிற்க வேண்டியது. நின்றுகொண்டேயிருந்தேன். என் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏன் அங்கயே நிக்கறேள்? கையில என்ன?”

“அவன் கால்” என்றேன்.

அவள் வந்து செய்தித்தாளைப் பிரித்தாள். இடது அச்சை எடுத்து அதன் அடியிலிருந்த மரச்சில்லைக் கட்டைவிரலால் தடவினாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நிலைப்படியில் வைத்து, இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.